வாயில்லாத கூடை

எங்கள் ஊரில், உடம்பிலிருந்து குறைகிற எடையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வர முடியாது. அவரவர் எடையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். வைக்க இடமில்லை என்கிறார்கள். நியாயம்தான். ஊரார் எடையை எல்லாம் வாங்கி அடுக்கினால் நோயாளிக்குக் கட்டிலை எங்கே போடுவார்கள்?

நான் அங்கே போனது என் மூச்சுக்காக. நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சில வருடங்களாகவே நான் படியேறினால் என் மூச்சு என்னோடு ஏறுவதில்லை. ஆரம்பத்தில் இரண்டு படி பின்தங்கியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில்தான் எல்லோரும் ஒன்றாக வந்து சேருகிறார்கள்? பிறகு அரை மாடி, ஒரு மாடி என்று ஆயிற்று. நான் மேலே வந்து கதவோரம் உட்கார்ந்து காத்திருப்பேன். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் சுகன்யா டீச்சர் படியில் என் மூச்சைப் பார்த்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"துளசியக்கா, உங்க மூச்சு இங்கதானுங்க நிக்குது. கைப்பிடியப் புடிச்சுட்டு நிக்குது. வந்துருமுங்க, பயப்படாதீங்க."

அதைக் கூட்டிக்கொண்டு வருவது என் வீட்டுக்காரர் வேலை. அவர் பெயர் சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைவீதிக்குப் போய்த் திரும்பினால் நான் முன்னால் ஏறிவிடுவேன். அவர் கீழே நின்று என் மூச்சோடு மெதுவாக வருவார். என்னை வா, போ என்கிற மனிதர், என் மூச்சிடம் மட்டும் அப்படி ஒரு மரியாதையாகப் பேசுவார்.

"பாத்து வாங்க. அவசரமே இல்லீங்க. இந்தப் படி கொஞ்சம் ஒசரம்."

மேலே உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் என்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருந்தால் என்ன என்று தோன்றும். கேட்டுவிடலாம் என்றால் கேட்க மூச்சு இருக்காது.

மாசி மாதம் ஒரு நாள் காய்கறி வாங்கித் திரும்பினோம். நான் ஏறி வந்து உட்கார்ந்தேன். மூச்சு வரவில்லை. வெயில் கதவிலிருந்து நகர்ந்து எதிர்ச்சுவருக்குப் போனது. அப்போதும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது கேட்டுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டியருகே நின்று சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாம். அவர் பக்கத்தில் நின்று, நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்கு அழைத்து வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மறுநாள் கடையைத் திறக்காமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் பர்வீன் என்னைச் சோதித்துப் பார்த்தார். வாசல்வரை போய், வராந்தாவில் நின்றிருந்த என் மூச்சையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இப்படியே விட்டா ஒரு நாள் திரும்பி வராதும்மா. வழியில யாரையாவது புடிச்சுப்போய் அவங்களோடயே போயிரும். அதுக்கப்புறம் நான் இங்கேருந்து கூப்பிட்டா அதுக்குக் கேக்காது."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். சாவைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் நேருக்கு நேர் பேசியதில்லை.

"அதைக் கொஞ்சம் வெரசா நடக்கப் பழக்க முடியாதுங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"மூச்சு மேல தப்பில்லைங்க. இவங்க தூக்கறதைக் குறைச்சா அது தானா கூட வரும்."

வாரத்துக்கு ஒரு ஊசி வயிற்றில் போட வேண்டும் என்றார். பருப்பும் முட்டையும் காயும் முதலில், சோறு கடைசியில், அதுவும் கொஞ்சம். மூச்சைக் கூடவே வைத்துக்கொண்டு சமதரையில் மெதுவாக நடக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. இத்தனை வருஷம் சேர்த்ததை ஒரே மாதத்தில் எடுத்தால் உடம்பு கோபித்துக்கொள்ளும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என்னைப் பார்த்து நாக்கைக் கட்டு, வாயைக் கட்டு என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

ஊசி போட்ட மறுவாரம் நர்ஸ் ஸ்டெல்லா என் வலது முழங்கையைத் துடைத்து, அங்கே தட்டுப்பட்ட ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். இளகிய எடை ஒயராக வந்தது. கூடை பின்னுகிற அதே ஒயர்தான், சற்றே கனம் அதிகம். வலி இல்லை, லேசாகக் கூசியது. மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது, லட்டு. பிறகு நெடுநேரம் வெள்ளை. அது சோறு என்று சொல்லாமலே தெரிந்தது. அதைச் சுருளாகச் சுற்றி என் மடியில் வைத்தார் ஸ்டெல்லா.

"இதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாதும்மா. முடிச்சு விழாத எடை சொந்தக்காரங்ககிட்டயே திரும்பி வந்துடும். போன மாசம் ஒருத்தர் பரண்மேல தூக்கிப் போட்டுட்டாரு. காலையில எந்திரிச்சுப் பார்த்தா பரண் காலி, சட்டை பத்தலை. உங்களுக்கு என்ன கைவேலை தெரியும்?"

"ஸ்கூல்ல படிக்கறப்ப ஒயர் கூடை போடுவனுங்க" என்றேன்.

"அப்ப தப்பிச்சீங்க. கைவேலை தெரியாதவங்களுக்கு நாங்க இங்கயே உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கணும்."

வீட்டுக்கு வந்து சுருளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது படிக்கும்போது கைத்தொழில் பீரியடில் கற்றுக்கொண்டது. அப்போது அதில் எனக்கு அப்படியொரு ஆசை. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. என் முதல் கூடையை நிறுத்தாமல் பின்னிக்கொண்டே போய், மேலே சுருக்கி, கடைசியில் வாயே இல்லாமல் மூடிவிட்டேன். மரகதவல்லி டீச்சர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தைடி போடுவ?" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை என் பெயர் பூசணிக்காய். கூடையைச் சொன்னார்களா என்னைச் சொன்னார்களா என்று நான் விசாரிக்கவில்லை. பிறகு ஒழுங்காக வாய் வைத்து எத்தனையோ கூடைகள் போட்டேன். கல்யாணம், குழந்தை, கடைக்குச் சாப்பாடு கட்டுவது என்று ஆனபிறகு கை மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

கை மறக்கவில்லை. ஒயரைச் சமமாக வெட்டி, இரண்டாக மடித்து, முதல் முடிச்சைப் போடலாமா என்று யோசிக்கும்போதே விரல்கள் மூன்றாவது முடிச்சில் இருந்தன. அடி விழுந்தது. பக்கம் எழுந்தது. வெள்ளைக்கு நடுவில் லட்டு மஞ்சளை இரண்டு வரி ஓட்டினேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளாக இந்தச் சந்தோஷத்தை எந்த டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேனோ தெரியவில்லை. நான் பின்னிய முடிச்சுக்கு பிஸ்கட் முடிச்சு என்று பெயர். டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கூடை அழகாக இருந்தது. என் வீட்டுக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"வெறுங்கூடையே இந்தக் கனம் கனக்குது. இதையா இத்தனை நாளா நீ தூக்கிட்டு ஏறுன?" என்றார். பிறகு கடைக்குப் போகிறவரை அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரா வாரம் ஊசி. வாரா வாரம் ஒயர். பசி முன்னைப் போல் என் பின்னால் சுற்றி வருவதை விட்டுவிட்டு, அழைத்தால் மட்டும் வந்தது. கூடைகள் பெருகின. பஜ்ஜி போண்டாவெல்லாம் பழுப்பாக வந்தது. அதில் கைப்பிடிகள் போட்டேன். ஆனி மாதம் என் மூச்சு அரை மாடிதான் பின்தங்கியது. சுகன்யா டீச்சர் குரல் கொடுப்பதற்குள் மேலே வந்துவிடும். என் வீட்டுக்காரர் அதோடு பேசிக்கொண்டு வருகிற பேச்சும் பாதியில் நின்றது.

பிறகு ஆடி பிறந்தது. வழக்கம்போல் தேங்காய்க்குள் வெல்லமும் எள்ளும் அடைத்துச் சுட்டோம். நான் ஒரு சில்லோடு நிறுத்திக்கொண்டேன். காற்றும் வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும். அதனால் ஆடி முதல் தேதியே அம்மிகளைக் கட்டி வைத்துவிடுவோம். சிரமம் ஒல்லியான மனிதர்களுக்குத்தான். அம்மியைப் போல் அவர்களை மூலையில் கட்டி வைக்க முடியாது, வேலைக்குப் போக வேண்டும். சுகன்யா டீச்சர் எங்கள் தெருவிலேயே ஒல்லி. போன ஆடியில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவரைக் காவிரிக்கு அக்கரையில் ஒரு ரைஸ்மில் கூரையிலிருந்து இறக்கினார்கள். அன்றைக்குக் கணக்குப் பரீட்சை. பிள்ளைகள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள்.

டீச்சர் என் வீட்டு வாசலில், கதவை இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, கேக்கறதுக்குச் சங்கடமா இருக்குதுங்க. உங்க கூடை ரெண்டு குடுத்தீங்கன்னா கையில புடிச்சுட்டுப் போயிட்டு வந்துருவேன்."

"எடுத்துக்கங்க டீச்சர். இதுக்குப் போயி என்ன சங்கடம்?"

கைக்கொரு கூடையாகப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்து போனதை மாடியிலிருந்து பார்த்தேன். புடவை மட்டும்தான் பறந்தது. என் எடை ஒருவரைத் தரையில் நிற்க வைத்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் டீச்சரின் அம்மா கேட்டார். அதற்கு மறுநாள் தபால்காரர். வாரம் முடிவதற்குள் பகலில் வீட்டில் ஒரு கூடை தங்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டுப் பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தையோ கூடையையோ வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். டீச்சர் கொண்டுவந்த கூடையில் வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு இருந்தது. தபால்காரர் வீட்டிலிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். டீச்சரின் அம்மா எள்ளுருண்டை பிடித்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் தொட மாட்டார். கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மரியாதைக்கு ஒரு வாய். வீட்டுக்கு வீடு ஒரு வாய். போன எடை போன கூடையிலேயே ஏறி வந்தது.

அந்த வாரம் ஸ்டெல்லா இழுத்த ஒயர் ஒரு முழம்கூட வரவில்லை. டாக்டர் பர்வீனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பசிக்குத்தான் ஊசி இருக்கும்மா" என்றார் அவர். "மரியாதைக்கு இன்னும் வரலை."

மூச்சு மறுபடி ஒரு மாடி பின்தங்கியது. அப்புறம் இரண்டு. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் நாங்கள் கடைவீதியிலிருந்து திரும்பியபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். நான் முதல் மாடி ஏறியிருப்பேன். என் மூச்சு கேட்டருகே நின்று அவளைப் பார்த்தது. பிறகு அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தது.

மாடிப்படி ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "இருங்க! இருங்க! வீடு இந்தப் பக்கமுங்க!" என்று கத்தினார். எனக்குக் கூப்பிட வாய் வந்தது, சத்தம் வரவில்லை. தெருமுனையில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியபோது அவர் எட்டிப் பிடித்துவிட்டார்.

அன்றைக்கு அவர் அதனோடு ஒன்றும் பேசாமல், கையை விடாமல், மேலே வந்தார். என்னிடம் ஒப்படைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. அவருக்கு முன்னால் போய்விடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"இனிமே கூடைய யாருக்கும் குடுக்கறதில்லீங்க" என்றேன், மூச்சு நிலைப்பட்டதும். "தனக்கு மிஞ்சித்தானே தானம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்காக டீச்சரக் காத்துல உட முடியுமா?" என்றார்.

முடியாதுதான். கூடையைக் கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுத்த கூடை வெறுமனே வராது. வருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிரித்துப் போட்டால் எடை அந்த நிமிஷமே என் மேல் ஏறிவிடும். இரண்டு பேரும், சாயங்காலம் திரும்பி வந்து எதிரே வரிசையாக இருந்த கூடைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

"இதுகளுக்கு வாய் இருக்கறதுதான் வம்பு" என்றார் அவர்.

அவர் சும்மாதான் சொன்னார். எனக்கு மரகதவல்லி டீச்சர் என் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இதுல என்னத்தைடி போடுவ?

எழுந்து போய், திரும்பிவிடாமல் முடிச்சுப் போட்டு வைத்திருந்த மிச்ச ஒயரையெல்லாம் எடுத்து வந்தேன். விளிம்பில் செருகியிருந்த ஒயர் நுனிகளோடு புது ஒயரைக் கோத்து, கூடைகளை மேலே எழுப்பினேன். ஒவ்வொரு வரிசையிலும் சில முடிச்சுகளைக் குறைத்துக்கொண்டே போனால் வாய் தானாகச் சுருங்கும். எங்கே நிறுத்துவது என்ற கவலையே இல்லை. கடைசி முடிச்சு விழுகிறவரை பின்ன வேண்டும், அவ்வளவுதான். ஏழாவதில் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்தேன். ஒயர் பற்றாமல் போனதற்கு அடுத்த வார ஒயர் வந்தது. ஒவ்வொரு கூடையும் மூடி, மேலே கைப்பிடியோடு மட்டும் நின்றது. பார்க்க அசல் பூசணிக்காய். எனக்குச் சிரிப்பு வந்தது.

மூடிய கூடை இரண்டை ஒரு நாள் காலையில் டீச்சர் வாங்கிப் போனார். சாயங்காலம் வந்தவர் வாசலில் தயங்கினார். ஒரு கையில் கூடைகள், மறு கையில் எவர்சில்வர் தூக்கு நிறைய ஒப்புட்டு. கூடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"அக்கா, எப்படிப் போடறதுன்னே தெரியலீங்க. வெறுங்கூடையாத் திருப்பித் தர மனசு வரலீங்களே. வேணும்னா இந்தத் தூக்கோட..."

"தூக்கு நீங்க எங்ககிட்ட வாங்குனது இல்லீங்களே டீச்சர்" என்றார் உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரர். "கூடைலதான வரோணும்? அப்புறம், இது வெறுங்கூடைன்னு உங்களுக்கு யாரு சொன்னது? உள்ள என்ன இருக்குதுன்னு நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"நாங்களும் பாக்கலீங்க. பாக்காம வெறுங்கூடைன்னு எப்படிச் சொல்றது?"

டீச்சர் கணக்கு வாத்தியார். சற்று யோசித்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"சொல்ல முடியாதுங்க" என்றார். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டு கிள்ளிக் கைப்பிடியில் சுற்றி, கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, தூக்கோடு படியிறங்கிப் போனார். மற்றவர்களுக்கும் அதே வழக்கமாயிற்று. ஆடி முழுக்க எங்கள் வீட்டில் மல்லிகை வாசம்தான். மல்லிகையை முகர்ந்தால் எடை கூடாது என்பதை டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை நானும் அவரும் கடைவீதிக்குப் போய்த் திரும்பினோம். தக்காளி விலையைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன். முதல் மாடியில் தக்காளி முடிந்து கத்தரிக்காய்க்கு வந்தேன். இரண்டாவது மாடியில் டீச்சர் வீட்டுக் கதவு மூடியிருந்ததைச் சொன்னேன். எங்கள் கதவுக்கு வந்து சாவியைத் தேடும்போது, அவர் ஏன் உம் கொட்டவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லை. பக்கத்தில் என் மூச்சு நின்றுகொண்டிருந்தது. காய்கறிப் பையின் ஒரு காதை அதுதான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். அவர் முதல் மாடித் திருப்பத்தில்தான் இருந்தார். பழக்கத்தில் ஒரு கையை நீட்டியபடி, ஒவ்வொரு படியாக, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க! அது இங்க வந்துருச்சுங்க!" என்று கூப்பிட்டேன். என் குரல் அத்தனை சத்தமாக மாடிப்படியில் இறங்கிப் போய் எத்தனையோ வருஷமாகிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சா!" என்று இன்னொரு முறை சொன்னார். அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மூச்சு பையின் காதை என் கையில் கொடுத்தது. பிறகு நிதானமாகப் படியிறங்கிப் போனது. முதல் மாடித் திருப்பத்தில் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, கையை நீட்டுவது தெரிந்தது. அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்து வாங்க" என்று அது சொல்வது எனக்கு மேலே கேட்டது. "அவசரமே இல்லீங்க. இந்தப் படி கொஞ்சம் ஒசரம்."

அவர்கள் இரண்டு பேரும் வந்து சேர நேரமாகும். நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.